சூரியனின் நூலிழைகளை அளப்பது எப்படி: ஃபிஜி மென்பொருளில் முதல் பாடம்

எங்கள் வீடு தடா பக்கம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 2023 செப்டம்பர் 2 அன்று பகல் 11.50க்குச் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்பியதைத் தெருவே மொட்டை மாடியில் நின்று பார்த்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் எங்கள் தெருப் பிள்ளைகள் அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்கள்: சூரியனைப் பக்கத்தில் காட்டு என்று. காட்டினேன். பார்த்ததோடு நிற்காமல் அளந்தும் பார்த்தோம். அந்த வேலையைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

அளக்கப்போவது கொரோனா வளையங்களை. கொரோனா என்பது சூரியனின் வெளி வளிமண்டலம். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அதற்கு மேலே உள்ள கொரோனாவின் வெப்பம் லட்சக்கணக்கில் ஏறுகிறது. அங்கே சூடான பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, காந்தப்புலக் கோடுகளின் வழியே மட்டும் எளிதாக ஓடும், குறுக்கே போகாது. அதனால் அது கோடுகளின் வழியே மெல்லிய ஒளி இழைகளாகத் தெரிகிறது. ஓர் இழையைத் தொடர்வது காந்தப்புலத்தின் ஒரு கோட்டைத் தொடர்வதுதான். படங்களோ குவிந்துகொண்டே இருக்கின்றன. சூரியனைக் கண்காணிக்க 2010இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தில் உள்ள ஏஐஏ கருவி 12 விநாடிக்கு ஒருமுறை ஒரு தொகுதிப் படங்கள் எடுக்கிறது. ஒவ்வொன்றும் 4096க்கு 4096 பிக்சல். கையால் வரைந்து மாளாது.

படி 1: வேட்டியில் நூல்

சூரியனுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள்; தாண்டக் கூடாது. கணினி எந்தப் படத்திலும் கோடு கண்டுபிடிக்கும், வெறும் புள்ளிக் குப்பையில்கூட. அது காட்டும் கோடு உண்மையா என்று தெரிய, விடை தெரிந்த ஒரு படம் நம் கையில் வேண்டும்.

வலை பின்னி மிஞ்சிய கருப்பு நைலான் நூலை 20, 30, 50 செ.மீ. துண்டுகளாக வெட்டி வெள்ளை வேட்டியில் பரப்புங்கள். சிலவற்றை வளைத்து, சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல். நேர் மேலிருந்து கைபேசியில் படம் எடுங்கள். கீழே வரும் படிகளை முதலில் இதில் ஓட்டுங்கள், அப்புறம் சூரியனில்.

படி 2: படம் எடுத்தல்

ஃபிஜி, படங்களை அலசி அளக்க உதவும் இலவச மென்பொருள். எஸ்டிஓ இணையதளத்தில் 171 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் அலகு) படத்தை 4096 அளவில் இறக்குங்கள். அது ஏறத்தாழ 6 லட்சம் கெல்வின் வெப்பமுள்ள இரும்பு அயனிகளின் ஒளி; இழைகள் இதில்தான் நன்றாகத் தெரியும். படத்தில் உள்ள தங்க நிறம் பின்னால் பூசியது. அதே நாளின் 1700 ஆங்ஸ்ட்ராம் படமும் வேண்டும், விளிம்பு அதில் கூர்மையாக இருக்கும் என்பதால்.

1700 படத்தில் சூரியனின் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். சுமார் 3,200 பிக்சல் வரும். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கி.மீ. வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 435 கி.மீ. உங்களுக்கு 1,600 வந்தால் இறக்கியது பாதி அளவுப் படம், திரும்ப இறக்குங்கள்.

171 படத்தில் வளையங்கள் அடர்ந்த ஒரு பகுதியை 600க்கு 600 பிக்சலாக வெட்டிக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் கொடுத்தால் மூலையில் உள்ள தேதி எழுத்துகளையும் இழை என்று எண்ணிவிடும்.

படி 3: வரப்பைத் தேடுதல்

இமேஜ் மெனுவில் டைப் போய் 8-பிட் ஆக்குங்கள். பிராசஸ் மெனுவில் சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட், ஆரம் 25. பரவலான மங்கல் ஒளி போய்விடும். நூல் படமாக இருந்தால் முதலில் இன்வெர்ட் செய்து கருப்பை வெள்ளையாக்க வேண்டும்.

அடுத்தது ட்யூப்னெஸ் என்ற கட்டளை. மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் வரும். இது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வயல் வரப்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வரப்போடு நடந்தால் மட்டம். ஓர் அடி பக்கவாட்டில் வைத்தால் சேற்றில் இறங்குவீர்கள். பிரகாசத்தை உயரமாக எடுத்துக்கொண்டால் ஓர் இழையும் வரப்புதான். குறுக்குத் திசையில் இரு பக்கமும் சரிவாக இருக்கும் இடத்தை இந்தக் கட்டளை ஒவ்வொரு பிக்சலிலும் கணக்கிட்டுத் தேடுகிறது. உருண்டையான புள்ளி எல்லாத் திசையிலும் சரியும், அதனால் அதுவும் சிக்கும்; படி 4இல் நீளம் பார்த்துக் கழிப்போம். உடலின் ரத்த நாளங்களைப் படத்தில் பிரித்தறிய வந்த கணக்கு இது, சூரியனுக்கும் பொருந்துகிறது.

ட்யூப்னெஸ் கேட்கும் சிக்மா என்ற எண், தேடும் வரப்பின் அகலத்தைக் குறிக்கும். சூரியப் படத்துக்கு 1.5 அல்லது 2 போதும். 5 கொடுத்தால் நான்கு இழைகள் ஒரே கயிறாக ஒட்டிக்கொள்ளும்.

படி 4: எலும்புக்கூடு

ட்யூப்னெஸ் தந்த படத்தைத் திரும்ப 8-பிட் ஆக்குங்கள். பிறகு இமேஜ் மெனுவில் அட்ஜஸ்ட், அதில் த்ரெஷோல்ட், அதாவது எவ்வளவு பிரகாசத்துக்கு மேல் வைத்துக்கொள்வது என்ற வரம்பு. கண்ணுக்கு இழை என்று உறுதியாகத் தெரிபவை மட்டும் நிற்கும்வரை நகர்த்தி அப்ளை கொடுங்கள். பிறகு ஸ்கெலிட்டனைஸ்: ஒவ்வொரு பட்டையும் ஒரு பிக்சல் அகலக் கோடாக மெலியும். அனலைஸ் ஸ்கெலிட்டன் கொடுத்து, விரிவான தகவல் வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டால் கிளைவாரியாக நீளங்கள் வரும். 25 பிக்சலுக்குக் குறைந்தவற்றை விடுங்கள். மீதியை 435ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

படி 5: சரிபார்த்தல்

இப்போது நூல் படத்துக்குத் திரும்புங்கள். 50 செ.மீ. நூல் எவ்வளவு வந்தது? எங்களுக்குச் சாய்வாகக் கிடந்த நூல் 53க்கு மேல் காட்டியது. காரணம் உண்டு. பிக்சல் கோடு நேராகவோ மூலைவிட்டமாகவோதான் அடி வைக்கும். இடைப்பட்ட சாய்வில் படிக்கட்டுபோல் வளைந்து நீளும். இந்தப் பிழை அதிகபட்சம் 8 சதவீதம் வரை போகும்.

இன்னொரு சோதனை: 600க்கு 600 வெற்றுப் படம் ஒன்றில் இரைச்சல், அதாவது தாறுமாறான புள்ளிகள், சேர்த்து, லேசாக மங்கலாக்கி, அதே எண்களோடு ஓட்டுங்கள். அங்கே 25 பிக்சலைத் தாண்டி வருகிற கோடுகள் அத்தனையும் பொய். சூரியப் படத்தில் கிடைத்ததோடு ஒப்பிட்டால் உங்கள் த்ரெஷோல்ட் எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரியும்.

அகலத்தை மட்டும் இந்தப் படத்தில் அளக்காதீர்கள். 2018இல் ராக்கெட்டில் பறந்த ஹை-சி தொலைநோக்கி காட்டிய இழைகள் பல, ஏறக்குறைய 500 கி.மீ. அகலமே. நம் பிக்சலே 435. நீளத்திலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: வளையம் நம்மை நோக்கியும் வளைந்திருக்கும். படத்தில் கிடைப்பது அதன் நிழல் நீளம். உண்மை அதைவிடக் கூடுதல்.

படி 6: இழைகள் குறுக்கிடும் இடம்

வலை பின்னும் வீட்டுப் பையன் ஒருவன் திரையைப் பார்த்ததும் கேட்டான்: “ரெண்டு நூல் மோதுற இடத்துல எது எந்தப் பக்கம் போகுதுன்னு இதுக்கு எப்படிண்ணா தெரியும்?” தெரியாது. எலும்புக்கூடு முறை அங்கே இரண்டையும் வெட்டி நான்கு துண்டாக எண்ணும். இந்த முறையின் பெரிய குறை அதுதான்.

அதற்காகவே சூரிய இயற்பியலாளர் மார்கஸ் அஷ்வாண்டன் உருவாக்கியது ஆக்கல்ட் என்ற நிரல். படத்தில் மிகப் பிரகாசமான புள்ளியில் தொடங்கி, வரப்பின் திசையையும் வளைவையும் பார்த்து இரு பக்கமும் அடி அடியாக நகரும். வளைவு சட்டென்று மாறக் கூடாது என்பதால் குறுக்கே வரும் இழைக்குத் தாவாமல் தன் வழியே போகும். முடித்த இழையைப் படத்திலிருந்து அழித்துவிட்டு அடுத்த பிரகாசமான புள்ளிக்குப் போகும். பைத்தான் நிரல்மொழியின் சன்கிட்-இமேஜ் பொதியில் இதன் இரண்டாம் பதிப்பு இருக்கிறது. மிகக் குறைந்த வளைவு ஆரம் 30, மிகக் குறைந்த நீளம் 25 என்று தொடங்குங்கள். அதற்கு ஜேபெக் வேண்டாம். உண்மையான பிரகாச எண்கள் உள்ள ஃபிட்ஸ் கோப்பை எடுங்கள். முதல் ஓட்டம் இதிலும் வேட்டியில் கிடக்கும் நூலுக்குத்தான்: மேலே குறுக்காகப் போட்ட இரண்டு துண்டும் முழுசாக இரண்டாகவே வருகின்றனவா என்று பாருங்கள்.