இடி பலமா என்று பார்க்காதீர்கள்: ஐஸ் ஹொக்கித் தண்டனைகளில் பார்வையாளர் விடும் தவறுகள்

ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்) ஆட்டம் யாழ்ப்பாணத்துக்கு மறுநாள் விடிய 5.30-க்கு வரும். கனடாவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருக்கும் மாதங்களில் 4.30. தேத்தண்ணியும் கையுமாக, ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பாவோடோ மச்சானோடோ வட்ஸ்அப்பில் கதைத்தபடி பார்க்கிறவர்களுக்கு முதல் சில ஆட்டங்களில் கோபம்தான் வரும். ஒருவன் மற்றவனை இடித்துப் பலகைச் சுவரோடு சாத்துகிறான், விசில் இல்லை. இன்னொருவன் மட்டையால் சும்மா தொட்டதுபோல் இருக்கிறது, 2 நிமிடம் வெளியே போகிறான்.

துரையப்பா விளையாட்டரங்கில் உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய கண், மோதல் எவ்வளவு பலமானது என்றுதான் அளக்கும். ஐஸ் ஹொக்கி நடுவர் பார்ப்பது வேறு மூன்று விடயங்கள்: அந்தக் கணத்தில் பக் (ஆடும் ரப்பர் வட்டு) யாரிடம் இருந்தது, அடி உடம்பில் எங்கே விழுந்தது, மட்டையும் கையும் என்ன செய்தன.

பெரிய சத்தம் என்றால் பெரிய குற்றம் என்று நினைப்பது

பக்கை வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ இடிப்பது முழுக்கச் சட்டப்படியானது. பக்கை அனுப்பிவிட்ட மறுகணமும் அவரை இடிக்கலாம். பக் போய் நேரமான பிறகு இடித்தால், அல்லது பக்கைத் தொடாதவரை மறித்தால், அது இன்டர்பியரன்ஸ். மெல்லத் தட்டினாலும் 2 நிமிடம்.

சட்டப்படியான இடியும் சில இடங்களில் குற்றமாகிவிடும். தூரத்திலிருந்து வேகம் எடுத்து வந்து, அல்லது துள்ளிப் பாய்ந்து இடித்தால் சார்ஜிங். தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைப் பலகையில் மோசமாகப் போய் அடிபடும்படி தள்ளினால் போர்டிங். இதில் ஆபத்தான இடம் பலகையோடு ஒட்டிய இடமல்ல, அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளியிருக்கும் இடம். பலகையோடு ஒட்டி நிற்பவரை அழுத்தினால் அவருடைய உடம்பு முழுவதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சில அடி தள்ளி, குனிந்தபடி பக்கைத் தேடுபவரைப் பின்னாலிருந்து தள்ளினால் தலையும் கழுத்தும்தான் முதலில் போய்ப் படும். அடிப்பவரின் கண்ணுக்கு எதிராளியின் முதுகு இலக்கம் நேராகத் தெரிகிறதென்றால் அவர் இடிக்காமல் நின்றிருக்க வேண்டும். எதிராளி கடைசிக் கணத்தில் வேண்டுமென்றே முதுகைத் திருப்பினாரா என்பதையும் நடுவர் கணக்கில் எடுப்பார்.

தலை தனிக்கதை. 2010 மார்ச்சில் பிற்ஸ்பேர்க்கின் மாட் குக், பொஸ்ரன் வீரர் மார்க் சவார்டின் தலையில் பக்கவாட்டாக இடித்தபோது தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய விதியில் அதற்கு இடமே இருக்கவில்லை. அதே மாதம் லீக் புதிய விதியைக் கொண்டுவந்தது. பின்னர் அது எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பொருந்தும்படி விரிவாக்கப்பட்டது. தலையே முதன்மையாகத் தாக்கப்பட்ட இடமாக இருந்து, அதைத் தவிர்த்திருக்கவும் முடியுமானால் அது குற்றம். ஆகவே மறுஒளிபரப்பில் மோதும் கணத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு அரைச் செக்கன் முன்னே போய், பக் எங்கே, முழங்கை மேலே எழும்பியதா, கால்கள் ஐஸில் நின்றனவா என்று பாருங்கள்.

மட்டை வேலையைச் சின்ன விடயமாக எடுப்பது

இதுதான் மிகப் பெரிய தவறு. கடந்த இருபது வருடங்களில் என்.எச்.எல். இறுக்கிப் பிடித்ததில் பெரும்பகுதி உடம்பு மோதலில் அல்ல, மட்டையில்.

சம்பளத் தகராறால் 2004–05 பருவம் முழுவதும் நடக்கவில்லை. 2005–06-இல் திரும்பி வந்தபோது ஹூக்கிங் (மட்டையால் கொழுவுவது), ஹோல்டிங் (ஆளைப் பிடித்து வைப்பது), இன்டர்பியரன்ஸ் மூன்றையும் நடுவர்கள் கண்டிப்பாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். இந்த விதிகள் முதலிலேயே புத்தகத்தில் இருந்தவைதான், பிடிக்காமல் விட்டிருந்தார்கள். வேகமாக வருபவரின் இடுப்பில் மட்டையைக் கொழுவி இழுத்தால் திறமையே இல்லாதவனும் அவரை நிறுத்திவிடலாம். அது நின்றதும் பருவ சராசரி ஆட்டத்துக்கு 5 கோல் சொச்சத்திலிருந்து 6-ஐத் தாண்டியது. வேகமான, சிறிய உடம்புக்காரருக்கும் இடம் கிடைத்தது. என் கணிப்பில், இந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய முடிவு இது.

2017–18-இல் மட்டையால் கையில் அடிக்கும் ஸ்லாஷிங் பக்கம் திரும்பினார்கள். அதற்கு முந்திய மார்ச்சில் சிட்னி கிரொஸ்பியின் அடியில் ஒட்டாவா வீரர் மார்க் மெத்தோவின் விரல் நுனி கிட்டத்தட்டத் துண்டானது. 2021–22-இல் கிராஸ் செக்கிங், அதாவது இரண்டு கைக்கும் நடுவில் உள்ள மட்டைத் தண்டால் முதுகில் குத்துவது, இந்தக் கண்டிப்புக்குள் வந்தது.

பார்க்கும்போது எதிராளியின் கையுறைகளைக் கவனியுங்கள். மட்டை அங்கே போய்க் கொழுவி, பக்கை அனுப்பும் கை தடைப்பட்டால் நடுவரின் கை எழும்பும். எதிராளியின் மட்டையில் மட்டும் தட்டினால் பெரும்பாலும் விடுவார்கள்.

ஒரு விடயத்துக்கு ஆயத்தமாக இருங்கள்: புதிய கண்டிப்பு பருவத் தொடக்கத்தில் கூர்மையாக இருக்கும், மாசி பங்குனியில் தளரும். பிளேஓவ், அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்கான சுற்று, வந்தால் விதிப்புத்தகம் அதேதான், ஆனால் நடுவர்கள் கூடுதலாக விட்டுக்கொடுப்பார்கள். இது நியாயமில்லை. வேகத்தை நம்பி ஆடும் அணிதான் இதில் நட்டப்படும்.

இரத்தத்தைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது

2019 ஏப்ரல், சான் ஹோசேக்கும் வேகாஸுக்கும் பிளேஓவ் தொடரின் முடிவான ஏழாவது ஆட்டம். வேகாஸ் 3–0 முன்னணி, பத்து நிமிடம் சொச்சம் மிச்சம். ஆட்டத்தைத் தொடர நடுவர் பக்கை ஐஸில் போட்டவுடன் வேகாஸின் கோடி ஈக்கின், ஜோ பவெல்ஸ்கியின் நெஞ்சில் மட்டையால் தள்ளினார். வழக்கமாக விட்டுவிடக்கூடிய, கூடினால் 2 நிமிடத்துக்குரிய தள்ளல். தடுமாறியவர் இன்னொரு வீரரோடு முட்டி, தலை ஐஸில் அடிபட விழுந்தார். இரத்தம் வந்தது. நடுவர்கள் 5 நிமிட மேஜர் கொடுத்தார்கள். அந்த 5 நிமிடத்துக்குள் சான் ஹோசே 4 கோல் போட்டு, கடைசியில் மேலதிக நேரத்தில் 5–4 வென்றது. காயத்தைப் பார்த்தார்கள், செயலைப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து சண்டை தவிர்ந்த ஒவ்வொரு மேஜரையும் நடுவர் வீடியோவில் பார்த்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. பார்த்துவிட்டு 2 நிமிடமாகக் குறைக்கலாம்.

காயமே நேரடியாகக் கணக்கில் வருவது ஹை ஸ்ரிக்கிங்கில். தோளுக்கு மேலே மட்டை பட்டால், தற்செயலானாலும் 2 நிமிடம். காயம் வந்தால் 4. உங்கள் மட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. விலக்கு ஒன்று உண்டு: பக்கை அடிக்க வழக்கம்போல் ஓங்கும்போதோ அடித்து முடிக்கும் வீச்சிலோ தற்செயலாகப் பட்டால் குற்றமில்லை.

நேரக் கணக்கில் தடுமாறுவது

சிவப்பு அட்டை வாங்கிய உதைபந்தாட்ட அணி கடைசிவரை ஒருவர் குறைவு. இங்கே அப்படி இல்லை. 2 நிமிட மைனரில் எதிரணி ஒரு கோல் போட்டவுடன் தண்டனை முடிந்து வீரர் திரும்பலாம். 5 நிமிட மேஜரில் எத்தனை கோல் விழுந்தாலும் நேரம் முழுவதும் ஓடும். 4 நிமிடத் தண்டனை இரண்டு மைனராகக் கணக்கு: முதல் 2 நிமிடத்துக்குள் கோல் விழுந்தால் அந்தப் பாதி மட்டும் போகும், மற்றப் பாதி தொடரும்.

முன்பு மைனரும் முழுமையாக ஓடியது. 1955 நவம்பரில் மொன்றியலின் ஜான் பெலிவோ, பொஸ்ரனுக்கு எதிராக ஆள் கூடிய நிலையில் 44 செக்கன்களில் 3 கோல் போட்டார். அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள்.

செம்மஞ்சள் பட்டி கட்டிய நடுவர் கையை உயர்த்தியும் ஆட்டம் தொடர்ந்தால் அவர் மறந்துவிட்டார் என்று கத்த வேண்டாம். குற்றம் செய்த அணி பக்கைக் கைப்பற்றும்வரை விசில் வராது. அதுவரை மற்ற அணி தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கிவிடும்.

சண்டைக்கு அனுமதி உண்டு என்று நினைப்பது

இல்லை. ஆளுக்கு 5 நிமிடம். இருவரும் ஒன்றாகப் போவதால் களத்தில் ஐந்துக்கு ஐந்தே நிற்கும், அதனால் தண்டனை இல்லாததுபோல் தெரியும். தொடக்கியவர் இவர்தான் என்று நடுவர் கண்டால் மேலதிகமாக ஒரு மைனரும் 10 நிமிட ஒழுக்கத் தண்டனையும் சேரும். அவருடைய அணி ஒருவர் குறைந்து ஆடவேண்டிவரும். நடந்துகொண்டிருக்கும் சண்டைக்குள் மூன்றாமவராக நுழைபவர் ஆட்டத்தை விட்டே போகவேண்டும்.

ஆட்டம் முடிந்தால் விடயமும் முடிந்தது என்பது

2024 பெப்ரவரியில் ஒட்டாவாவின் ரிட்லி கிரெய்க், காப்பாளர் இல்லாத வலைக்குள் முழுப்பலத்தோடு ஓங்கி அடித்தார். பொறுக்காத ரொறன்ரோவின் மோர்கன் ரைலி அவர் தலைப்பகுதியில் மட்டைத் தண்டால் குத்தினார். நடுவர் மேஜர் கொடுத்து வெளியேற்றினார். அதன் மேல் லீக்கின் வீரர் பாதுகாப்புப் பிரிவு 5 ஆட்டத் தடை விதித்தது. 2011 முதல் இயங்கும் இந்தப் பிரிவு, நடுவர் கவனிக்காததையும் எடுத்து விசாரிக்கும். நேரில் விசாரணைக்கு அழைத்தார்கள் என்று செய்தி வந்தால் 5 ஆட்டத்துக்கு மேலும் தடை போட வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். தடைக்காலச் சம்பளமும் போய்விடும்.

திரையில் வரும் ‘ஹிட்ஸ்’ எண்ணிக்கையை வைத்து எந்த அணி நன்றாக ஆடுகிறது என்று முடிவெடுக்காதீர்கள். பக் இல்லாத அணிதான் இடிக்கும். அந்த எண் கூடக் கூட, அந்த அணி பக்கின் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கவும் கூடும்.

கடைசியாக, எந்த லீக் என்று பார்த்துவிட்டுக் கதையுங்கள். 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கிலும் உடம்பால் இடிக்கலாம். ஆனால் அங்கே ஆள் குறைந்த அணி கோல் போட்டால் அதன் வீரருடைய மைனர் தண்டனை உடனே முடியும். என்.எச்.எல்.இல் அப்படி இல்லை. சிறுவர் ஆட்டம் இன்னும் வேறு: 2013–14 முதல் கனடாவில் 11, 12 வயதுப் பிரிவில் உடம்பால் இடிக்கவே கூடாது. மார்க்கம் நகரில் இருக்கும் அக்காவின் மகனுடைய ஆட்ட வீடியோ வந்து, அவன் ஒருவனைத் தோளால் விழுத்தியதற்கு 2 நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தால், முதலில் அவனுடைய வயதைக் கேளுங்கள்.