மேற்கோள் எண்ணிக்கை: பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்குமுன் திருத்த வேண்டியவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யும் நம்மவர்களுக்கு மேற்கோள் கணக்கில் (அதாவது, நம் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்ற எண்ணிக்கையில்) வரும் முதல் சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. அடையாள அட்டையில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஆகியவற்றை ஆய்விதழ்களின் மென்பொருள் குடும்பப் பெயரோடு ஒட்டிவிடும். கவிதா ஏ/பி சுப்பிரமணியம் என்று ஒருவர் இருந்தால், ஒரு கட்டுரையில் ‘சுப்பிரமணியம், கே.’ என்றும், இன்னொன்றில் ‘கவிதா, எஸ்.’ என்றும், வேறொன்றில் ‘ஏ/பி சுப்பிரமணியம், கே.’ என்றும் பதிவாகும். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் இவர்களை மூன்று தனித்தனி ஆசிரியர்களாக எண்ணிவிடக்கூடும்.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. ஆய்வாளரின் மேற்கோள்களை ஒரே எண்ணில் சொல்ல, 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸ் 5 என்றால், ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றிருக்க வேண்டும். ஒருவரின் ஏழு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 6, 5, 3, 1 என மேற்கோள்கள் இருந்தால் அவருடைய எச் 5. இவை 40, 9, 5, 1 என்று ஒரு பெயரிலும் 22, 6, 3 என்று மற்றொரு பெயரிலும் பிரிந்துவிட்டால் இரண்டு இடத்திலும் 3 என்றே காட்டும். மொத்த மேற்கோள்களைக் கூட்டிக்கொள்ளலாம். எச்-இன்டெக்ஸைக் கூட்ட முடியாது. பதவி உயர்வுக் குழு பார்ப்பதோ திரையில் தெரியும் அந்த 3-ஐ.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே பெயர் வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருப்பது நல்லது. ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை இலவசமாகப் பெற்று, ஒவ்வொரு கட்டுரையை அனுப்பும்போதும் கொடுங்கள். ஏற்கெனவே பிரிந்திருந்தால், ஸ்கோபஸின் ஆசிரியர் தேடலில் உங்கள் பெயர், தந்தை பெயர், ‘ஏ/பி’ சேர்ந்த வடிவம் எல்லாவற்றையும் தேடி, இணைக்கும்படி விண்ணப்பியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அதே நேரத்தில், ‘குமார், எஸ்.’ போன்ற பெயர்களில் வேறொருவர் கட்டுரைகள் உங்கள் பக்கத்தில் புகுந்திருந்தால் அவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் பெயரை மொழிபெயர்க்காமல் அதன் அதிகாரபூர்வ வடிவத்திலேயே எழுதுங்கள்.

பெயர் சரியானபின் வரும் பெரிய தவறு, துறை விட்டுத் துறை ஒப்பிடுவது. மருத்துவ ஆய்வில் ஆட்கள் அதிகம், ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் அதிகம், பட்டியலிடும் மேற்கோள்களும் அதிகம். கணிதத்தில் எல்லாமே குறைவு. மேற்கோள் வந்துசேரவும் காலம் பிடிக்கும். தமிழாய்வின் நிலை இன்னும் வேறு. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரை ஒன்றை யாராவது தமிழ் நூலிலோ ஆய்வேட்டிலோ எடுத்தாண்டால், அது ஸ்கோபஸ் கணக்கில் ஏறுவது அரிது. இந்திய ஆய்வியல் துறையினர் ஒருவரின் எச்-இன்டெக்ஸை வேதியியலாளரின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எடைபோடுவது நியாயமே இல்லை.

இந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட ஸ்கோபஸில் எஃப்.டபிள்யூ.சி.ஐ. (துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள் தாக்கம்) என்ற அளவு இருக்கிறது. கட்டுரை வெளிவந்த ஆண்டிலும் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் கிடைத்த மேற்கோள்களை, அதே துறையில், அதே ஆண்டில் வந்த, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவது இது. 1 என்றால் உலகச் சராசரி; 1.5 என்றால் அதைவிட 50 விழுக்காடு அதிகம். ஆனால் இதுவும் சராசரிதான். நான்கே கட்டுரைகள் உள்ளவரிடம் ஒன்று மட்டும் பரவலாக எடுத்தாளப்பட்டால் எண் எகிறிவிடும். கட்டுரைகள் குறைவாக இருந்தால் இதைக் கோப்பில் முன்னிறுத்த வேண்டாம்.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை உங்கள் கட்டுரையின் மதிப்பாக எழுதுவதும் பிழை. அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழ் வெளியிட்டவற்றுக்கு ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. சில கட்டுரைகளே அதில் பெரும்பங்கைச் சுமக்கும்.

உலகில் மேற்கோளில் முன்னணியில் உள்ள 2 விழுக்காட்டினரில் ஒருவர் என, ‘ஸ்டான்ஃபோர்டின் 2 விழுக்காட்டுப் பட்டியல்’ என்று வாழ்த்துப் பலகை வைக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: அது விருதல்ல. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் குழுவினரும் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு கணக்கிடும் பட்டியல் அது. அதில் வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஓர் ஆண்டுக்கு ஒன்று என இரண்டு உண்டு. கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும், அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களின் பட்டியல் முற்றிலும் வேறு. 2023-இல் கணிதத்தையே அது விட்டுவிட்டது. ஏனெனில், மேற்கோள்கள் குறைவான துறையில் சிறு குழு ஒன்று தங்களுக்குள் மேற்கோள் காட்டியே வரிசையை மாற்றிவிட முடிகிறது.

ஆகவே கோப்பில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது, சுயமேற்கோள் நீக்கியதா, எந்த உட்துறை என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்வரைவுகளையும்கூட எண்ணும் என்பதால் அதன் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஸ்கோபஸ் எண்ணோடு அதை ஒரே வரியில் கலந்து எழுத வேண்டாம்.