ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் எரிமலை இல்லாத காரணத்தைக் கடற்கரை மணலில் வரைந்து விளக்கும் முறை

பாம்பன், மண்டபம் கரைகளில் ஒதுங்கும் பொத்தல் விழுந்த கல்லைப் பார்த்ததும், எரிமலைக் கல்லா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கிருந்தே தொடங்குங்கள். கல்லின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைக்கும். பவள உயிரிகள் கட்டிய சுண்ணாம்பு அது. உயிருள்ள பவளத்தைத் தொட வேண்டாம். கல்லையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பிறகு ஈர மணலில் ஆப்பிரிக்காவை வரைந்து, எத்தியோப்பியாவின் அஃபார் தாழ்நிலத்திலிருந்து மொசாம்பிக் வரை ஒரு கோடு இழுங்கள். இதுவே கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு. இங்கே நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் விலகுகிறது. எர்ட்டா அலே, கிளிமஞ்சாரோ, நைராகோங்கோ ஆகிய எரிமலைகளை இக்கோட்டையொட்டிக் குறியுங்கள்.

அடுத்து, இன்று எரிமலை இல்லாத மேற்கு ஆப்பிரிக்கா, காங்கோ ஆற்றுப் படுகை, கலகாரி ஆகிய மூன்று இடங்களில் வட்டமிடுங்கள். இவை பெரும்பாலும் 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய நிலங்கள். இவற்றின் அடியில் இறுகிய பாறை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆழம் வரை செல்கிறது.

இங்கே நிதானமாக விளக்க வேண்டும். பூமிக்கடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கடலாகக் கிடக்கிறது என்ற எண்ணத்தை முதலில் போக்குங்கள். மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் என்னும் அடுக்கு சூடான திடப்பாறையே. அது மேலெழும்போது, மேலிருந்து அழுத்தும் பாரம் குறைவதால்தான் உருகத் தொடங்குகிறது. பிளவில் மேலோடு மெலிந்திருப்பதால் அது எழ இடமுண்டு. பழைய நிலத்தின் கனத்த மூடியோ அதை ஆழத்திலேயே நிறுத்திவிடுவதால், சூடு இருந்தும் குழம்பு பிறப்பதில்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்றாக நான் கருதுவது விக்டோரியா ஏரிப்பகுதி. அங்குள்ள தான்சானியப் பழநிலத்தைப் பிளக்க முடியாமல், பிளவு இரண்டு கிளைகளாகப் பிரிந்து அதைச் சுற்றிச் செல்கிறது. கிளிமஞ்சாரோ கிழக்குக் கிளையின் பக்கமும், நைராகோங்கோ மேற்குக் கிளையிலும் அமைந்துள்ளன.

மேற்கே கேமரூன் மலை 2012ஆம் ஆண்டில்கூட வெடித்ததே என்று கேட்டால், அது வட்டங்களுக்கு வெளியே இருப்பதைக் காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரங்களோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கனத்த மூடியையும் துளைத்து வந்த வெடிப்புகள் மேலே கொண்டுவந்தவை. ஆகவே, இன்று இல்லை என்று சொல்லுங்கள், என்றும் இருந்ததில்லை என்று சொல்லாதீர்கள்.

இறுதியாக, பக்கத்தில் தென்னிந்தியாவையும் அந்தமானையும் வரையுங்கள். இந்தியத் தட்டு அந்தமானுக்கடியில் அமிழ்வதால் அங்கே பாரன் தீவு எரிமலை இருக்கிறது. தக்காணத்திலும் நம் பக்கத்திலும் உயிருள்ள எரிமலை ஏன் இல்லை என்பதை, வரைந்த வட்டங்களைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லட்டும்.