மறுவாழ்வு சிகிச்சைக்குப் புதிய அளவுகோல் உருவாக்குவது எப்படி?

முதலில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பாருங்கள். 1965-ல் வெளியான பார்தெல் குறியீட்டில் பத்து அன்றாடச் செயல்கள், 0 முதல் 100 வரை மதிப்பெண். சமநிலையை அளக்கும் பெர்க் அளவுகோலில் 14 செயல்கள், மொத்தம் 56. இவை உங்கள் நோயாளிகளுக்கு ஏன் போதவில்லை என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால், புதிதாக ஒன்று தேவையே இல்லை. பார்தெலில் 100 வாங்கியவருக்குச் சமைக்கவோ வீட்டைக் கவனிக்கவோ முடியாமல் இருக்கலாம். அந்த இடைவெளியை அளப்பது நியாயமான காரணம்.

அடுத்து, "செய்ய முடியுமா", "செய்கிறாரா" இரண்டில் எதை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சிகிச்சை அறையில் படி ஏறிக் காட்டுபவர் வீட்டில் ஏறாமலே இருக்கலாம். இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்தால் மொத்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இருக்காது.

கேள்வி எழுதுவதில்தான் அதிக உழைப்பு தேவை. "நடக்கிறாரா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "கடந்த 7 நாட்களில், வீட்டுக்குள், யாரும் பிடிக்காமல் 10 மீட்டர் நடந்தாரா? ஊன்றுகோல் பயன்படுத்தலாம்" என்று தூரம், இடம், உதவி, காலம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். "குளிக்கவும் உடுத்தவும்" என்று இரண்டைச் சேர்க்காதீர்கள். "ஓரளவு உதவி" என்பதற்குப் பதில் "ஒருவர் கையைப் பிடித்தால் போதும்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். தேவையைப் போல இரண்டு மடங்கு கேள்விகளோடு தொடங்கி, குறைந்தது ஏழெட்டு நோயாளிகளிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பேச முடியாதவருக்காக வீட்டார் சொல்லும் பதிலைத் தனியாகக் குறியுங்கள். அவர்கள் பெரும்பாலும் இயலாமையைக் கூட்டியே சொல்வார்கள்.

பிறகு நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் வேறொருவர் அளந்தாலும் அதே மதிப்பெண் வருகிறதா என்பது. நிலை மாறாமல் இருக்கும் நோயாளிகள் 50 பேராவது வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கவும். பக்கவாதம் வந்த புதிதில் இருப்பவர்களை இதற்கு எடுக்கக் கூடாது: அவர்கள் உண்மையிலேயே தேறிக்கொண்டிருப்பார்கள், பழி அளவுகோல் மேல் விழும். இரு மதிப்பீட்டாளர்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் போடட்டும். இரு அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒத்திசைவுக் கெழு (முழுதும் ஒத்தால் 1) குழு ஒப்பீட்டுக்கு 0.70 இருந்தால் போதும். தனி நோயாளி பற்றிய முடிவுக்கு 0.90 வேண்டும்.

அதிலிருந்து அளவீட்டுப் பிழையைக் கணக்கிடுங்கள்: திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது) × √(1 − கெழு). விலக்கம் 10, கெழு 0.91 என்றால் பிழை 3. அதை 2.77 ஆல் பெருக்கினால் 8.3; மதிப்பெண் இதைத் தாண்டி மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று நம்பலாம். ஆக, ஒருவர் 6 மதிப்பெண் கூடியிருந்தாலும் அது பிழையாகவே இருக்கலாம். "தேறிவிட்டார்" என்று அறிக்கையில் எழுதக் கூடாது. 8.3 என்பது போன்ற இந்த எல்லையைப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முழு மதிப்பெண்ணோ மிகக் குறைந்த மதிப்பெண்ணோ வாங்கினால் அந்த முனையில் கேள்விகளைக் கூட்டுங்கள். கடைசியாக, சேரும்போதும் வீடு திரும்பும்போதும் அளந்து, "முன்பைவிட எப்படி இருக்கிறது?" என்று நோயாளியிடமே கேளுங்கள். அவர் தேறியதாகச் சொல்லியும் மதிப்பெண் அசையவில்லை என்றால், அவருக்கு முக்கியமான செயல் உங்கள் கேள்விகளில் விடுபட்டிருக்கலாம்; அது எது என்று அவரிடமே கேட்டு, கேள்விப் பட்டியலைத் திருத்துங்கள்.