வேலிக்கு 75 சதவீதம், 90 ஆனது இப்படித்தான்

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டபோது, எங்கள் பண்ணையின் ஆற்றோர வேலி அடியோடு சாய்ந்தது. முள்கம்பியில் சோளத்தட்டையும் சேறும், யார் வீட்டுக் கதவோ ஒன்றும் சிக்கிக் கிடந்தன. மாடுகள் சாலையில் நின்றன.

அமெரிக்க வேளாண்துறையின் அவசரப் பாதுகாப்புத் திட்டத்தில், வேலியைச் சீரமைக்கவும் வெள்ளக் குப்பையை அகற்றவும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பித்தேன். அரசின் பங்கு 75 சதவீதம் என்று வந்தது. மீதிக் கால் பங்குக்கே என்னிடம் வழியில்லை. இரண்டு இரவுகள் தூக்கமில்லை.

பிறகுதான் விதிகளை வரி வரியாகப் படித்தேன். பண்ணைத் தொழிலுக்கு வந்து 10 ஆண்டுகளைத் தாண்டாதவர்கள் 'புதிய விவசாயி'. அவர்களுக்கு 90 சதவீதம் வரை கிடைக்கும். எனக்கு அது ஆறாவது ஆண்டு! ஆனால் நாம் புதிய விவசாயி என்று நாமே சிசிசி-860 படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். அதை நான் தராமலே விட்டிருந்தேன். மறுநாள் காலையிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தேன், விகிதத்தைத் திருத்தினார்கள்.

வேலிக்கு 25 சதவீதம் வரை முன்பணமும் கேட்கலாம். 60 நாட்களுக்குள் செலவழித்துவிட வேண்டும். கம்பங்களை வாங்கியது அந்தப் பணத்தில்தான்.

தயவுசெய்து, வேளாண்துறை அலுவலகத்தில் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். முன்கூட்டியே செய்த வேலைக்குப் பணம் கிடைக்காமல் போகக்கூடும். முதலில் ஒவ்வொரு கம்பத்தையும் படமெடுத்து வையுங்கள்.