என்ஹெச்எல் அணிக்கு அடுத்த சீசன் பட்டியல் போடுவது எப்படி?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லை விரும்பிப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம், அடுத்த சீசனில் நம் அணியில் யார் யார் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். பெரும்பாலானோர் சந்தைக்கு வரும் பெரிய பெயர்களில் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழ். வெளியிலிருந்து வருகிறவர் கடைசி. கையில் இருக்கும் இளம் வீரர்தான் முதல். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் 2025 கோடையை வைத்துப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: கேப்

தாளின் உச்சியில் கேப் தொகையை எழுதுங்கள். சம்பளத்துக்கு ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு அது. 2024-25இல் 88 மில்லியன் டாலர், 2025-26இல் 95.5 மில்லியன். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் கேப்பில் ஏறும்.

படி 2: இடங்கள்

பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஆட்டத்துக்கு இறங்குவது 20 பேர்: முன்வரிசை 12 (மும்மூன்று பேராக நான்கு வரிசை), டிஃபென்ஸ் 6, கோல் காக்கும் கோலி 2. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களை நிரப்புங்கள். ஆண்டுக்கு மில்லியன் டாலர் கணக்கில் ஆஸ்டன் மேத்யூஸ் 13.25, வில்லியம் நைலாண்டர் 11.5, மோர்கன் ரைலி 7.5.

படி 3: ஒப்பந்தம் முடிகிறவர்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். 27 வயதை எட்டியவரோ ஏழு சீசன் ஆடியவரோ ஜூலை 1 அன்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்கும் இளையவர்மீது பழைய அணிக்கு உரிமை உண்டு. ஆனால் வேறோர் அணி அவருக்குச் சம்பளம் பேசி ஒப்பந்தம் நீட்டலாம். பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகையைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அணியின் டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை, வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட வேண்டும்.

2024இல் எட்மன்டன் ஆயிலர்ஸுக்கு இதுதான் நடந்தது. ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை போன அணி. ஜூலை 1 அன்று ஜெஃப் ஸ்கின்னர், விக்டர் ஆர்விட்சன் எனப் புதியவர்களை எடுத்தார்கள். இளையவர்கள் புரோபெர்க், ஹாலவே இருவருக்கும் புதிய ஒப்பந்தம் போடாமலே நின்றது. ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் ஒருவருக்கு 4.58 மில்லியன், மற்றவருக்கு 2.29 மில்லியன் நீட்டியது. கேப் நெருக்கடியில் இருந்த எட்மன்டன் இருவரையும் விட்டது. கிடைத்தது ஓர் இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு. அடுத்த சீசனிலேயே ஹாலவே 26 கோல், 63 புள்ளி. இரண்டு நல்ல இளைஞர்கள் அப்படிப் போனதைப் பார்க்க மனசு ஆறவில்லை.

டொரண்டோ மேத்யூ நைஸை ஜூன் முடிவதற்குள் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 7.75 மில்லியனில் கட்டியது. சரியான வரிசை அதுதான். 11 மில்லியன் வாங்கிய ஜான் டவாரெஸ் 4.38க்கு ஒப்புக்கொண்டார். மிட்ச் மார்னர் வேகஸ் அணிக்குப் போக, பதிலுக்கு நிக்கோலஸ் ருவா வந்தார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மேத்யூஸ், நைலாண்டர், நைஸ், ரைலி, டவாரெஸ் ஐவருக்கு 44.38. மீதி 51.12 மில்லியனில் 18 பேர். தலைக்குச் சுமார் 2.84. இந்த எண் தெரிந்த பிறகு பெரிய பெயர்களைப் பற்றி வேறு மாதிரி யோசிப்பீர்கள்.

படி 4: பொருத்தம்

டிஃபென்ஸில் இடக்கை, வலக்கை ஆட்டக்காரர்களைத் தனித்தனியே எண்ணுங்கள். வலக்கையர் குறைவு, அதனால் விலை அதிகம். கோலிகள் இருவரும் நம்பத்தக்கவர்களாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் ஃபுளோரிடாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்திலேயே டொரண்டோ கோலி ஸ்டோலார்ஸ் அடிபட்டு வெளியேற, தொடரின் மிச்சத்தை இன்னொரு கோலி வோல்தான் தாங்கினார்.

படி 5: கடைசி இடங்களும் கொஞ்சம் காலியும்

நான்காம் வரிசைக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, அதாவது 2025-26இல் 7,75,000 டாலருக்கு, அருகில் இருப்பவர்கள் போதும். இல்லாவிட்டால் டொரண்டோவின் கீழ்நிலை அணியான மார்லீஸிலிருந்து ஓர் இளைஞர். முழுத் தொகையையும் செலவழிக்காதீர்கள். சம்பளம் கேப்பில் நாள் கணக்கில்தான் ஏறும், மிஞ்சியது சேர்ந்துகொண்டே போகும். அக்டோபரில் விட்டுவைத்த ஒரு மில்லியனை வைத்து, மார்ச் ட்ரேட் கெடுவில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில், அதைவிடப் பல மடங்கு சம்பளக்காரரைச் சேர்க்கலாம்.

அப்புறம் வெளியாள். பெயருக்குப் பக்கத்தில் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு என்ன வயது என்றும் எழுதுங்கள். கிறிஸ் டானெவ் 2024இல் 34 வயதில் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். அது முடியும்போது அவருக்கு 40. முதல் இரண்டு ஆண்டுக்கு அவர் தேவை என்றால், மற்ற நான்கு ஆண்டும் ஆண்டுக்கு 4.5 மில்லியனையும் உங்கள் தாளில் இன்றே ஏற்றிவிடுங்கள்.