மருத்துவக் கொள்கை முடிவுகளில் மக்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல்நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு குறித்த பன்னாட்டு மாநாட்டில் வெளியான 1978-ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா பிரகடனம் அறிவித்தது. அதன் பிறகு பல நாடுகளில் குழுக்கள் அமைந்தன, கருத்துக் கேட்புக் கூட்டங்களும் நடந்தன. ஆயினும், அக்கூட்டங்களுக்கு நம்பிக்கையோடு சென்ற நோயாளிகள் மனம் கசந்து திரும்புவது இன்னும் நிற்கவில்லை.

முடிவை எடுத்துவிட்டு ஆட்களை அழைப்பதே இதற்கு முதற் காரணம் என்பேன். மருத்துவமனையின் ஒரு பிரிவை மூடுவது உறுதியான பின்னர், மூடிய பிறகு என்ன வசதி வேண்டும் என்று மட்டும் கேட்டால், வந்தவர்கள் தாங்கள் சாட்சிக் கையெழுத்துக்காக அழைக்கப்பட்டிருப்பதை உடனே உணர்ந்துவிடுவார்கள். 1969-இல் அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கியபோது, முடிவில் பங்கு தராமல் தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார்.

எது சிக்கல் என்று வரையறுக்கும் கட்டத்திலேயே நோயாளிகள் உடனிருந்தால் என்ன மாறும் என்பதற்கு முடக்குவாதம் நல்ல சான்று. அந்நோய்க்கான ஆய்வுகளில் எவற்றை அளக்க வேண்டும் என்று வகுக்கும் ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பு, 2002-இல் நோயாளிகளைத் தன் மாநாட்டில் பங்கேற்கச் செய்தது. மூட்டு வலியையும் வீக்கத்தையும் மருத்துவர்கள் கவனமாக அளந்துவந்தார்கள். ஆனால் ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பே தங்கள் நாளைக் குலைக்கிறது என்று நோயாளிகள் எடுத்துரைத்தார்கள். பின்னர் களைப்பும் அளக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. பட்டியலை முடித்துவிட்டுக் கேட்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

நோயாளியையும் பொதுமக்களையும் ஒன்றாகக் கருதுவது அதிகம் பேசப்படாத தவறு. நோயோடு வாழ்பவருக்கு அதன் அன்றாடம் தெரியும். தன் நோய்க்கான மருந்து கிடைக்க வேண்டும் என்று அவர் வாதாடுவது முற்றிலும் நியாயம். வரம்புள்ள நிதியை எல்லா நோய்களுக்கும் எவ்வாறு பகிர்வது என்பதோ சமூகம் முழுவதும் எடைபோட வேண்டிய கேள்வி. எந்தச் சிகிச்சைகளுக்குப் பொது நிதியைச் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-இல் குடிமக்கள் மன்றத்தை உருவாக்கியது இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

அதேபோல், ஒரே ஒருவரை அமரவைத்து அவர் எல்லோருக்காகவும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநீதி, அவர் குரலில் அடங்காத மற்றவர்களுக்கும் அநீதி. பிரேசிலில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சுகாதார மன்றங்களில் பயனாளர்களின் பங்கு மற்ற எல்லாத் தரப்பினரின் மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். பேசிப் பழகியவர்களையே மீண்டும் மீண்டும் அழைப்பதும், மருந்து நிறுவனங்களிடம் நிதி பெறும் நோயாளர் சங்கங்கள் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று கேட்காமல் விடுவதும் இதே வகைக் கவனக்குறைவுகள்தான்.

நடைமுறைச் சிக்கல்களை அற்பம் என்று ஒதுக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அந்நாட்களில் ஒன்றிலேயே கூட்டம் வைத்து, மருத்துவச் சொற்கள் நிறைந்த நூறு பக்க ஆவணத்தை முந்தைய மாலை அனுப்பினால், அவர் எப்படிப் பேசுவார்? மேசையைச் சுற்றியிருக்கும் மற்றவர்கள் சம்பளம் பெறும் பணி நேரத்தில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் ஒரு நாள் கூலியை இழந்து வர வேண்டும் என்பதும் முறையன்று. ஆவணம் எளிய மொழியில் முன்கூட்டியே கைக்குக் கிடைக்க வேண்டும். பயணச் செலவோடு நேரத்துக்கான ஊதியமும் தரப்பட வேண்டும்.

கூட்டம் முடிந்தபின் மௌனமாகிவிடுவது இன்னொரு தவறு. சொன்னவற்றில் எது ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் ஏற்கப்படவில்லை என்பதைச் சொன்னவருக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். தன் கருத்து மறுக்கப்பட்டதைக் காரணத்தோடு அறிந்தவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவதுண்டு. பதிலே பெறாதவர் பெரும்பாலும் வருவதில்லை.